அப்பாவின் வயதை எட்டும்போது

வருகிற ஐப்பசியில் எனக்கு 52 முடிகிறது. என் அப்பா 52-ல் போனார். 1993-ம் வருடம், ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "நல்ல சாவுப்பா, யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுக்காமல் போய்ட்டார்" என்றார்கள். எனக்கு அப்போது 19 வயது. 52 வயதில் போவதில் என்ன நல்ல சாவு என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது என்று புரிய எனக்கு இன்னும் 26 வருடம் ஆனது.

நான் அரசு பஸ் டிரைவர். 24 வருட சர்வீஸ். அதில் பெரும்பகுதி மதுரை ஆரப்பாளையத்துக்கும் கோவை சிங்காநல்லூருக்கும் இடையில்தான் கழிந்தது. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாக ஐந்தரை, ஆறு மணி நேரம். சிங்காநல்லூரில் அரை மணி நேரம் வண்டி நிற்கும். உடனே திரும்ப வேண்டும். எங்கள் நேரம் எங்கள் கையில் இருக்காது. காலை டூட்டியா, இரவு டூட்டியா, ஆள் வராததால் டபுள் டூட்டியா என்பது டிப்போவுக்குப் போனால்தான் தெரியும். இதயத்தைப் பாதுகாக்க என்ன செய்ய வேண்டும் என்று படிக்கும் எல்லாக் குறிப்புகளும் காலையில் ஐந்தரைக்கு எழுந்து நடக்கிறவர்களுக்காக எழுதியவை போலவே இருக்கும். ஐந்தரை மணிக்கு நான் பல்லடத்தில் இருப்பேன். அதனால், என் மாதிரி நேரம் தன் கையில் இல்லாதவர்களுக்கு இது உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

2019-ல் எங்கள் டிப்போவில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். நான் டூட்டி முடிந்து இறங்கி, ஒரு சிகரெட், ஒரு டீ முடித்துவிட்டு, நண்பர்கள் இழுத்ததால் போய் உட்கார்ந்தேன். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "டீ குடிச்சீங்களா, சிகரெட் பிடிச்சீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அரை மணி நேரம் அப்படிப் போய் சாய்ந்து உட்காருங்க, பேசாதீங்க" என்றார். மறுபடி பார்த்தார். அடுத்த கையில் ஒரு தடவை பார்த்தார். பிறகு சீட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 168/104, 164/102, 166/102. மூன்று தடவையும் அதிகம்.

எனக்குத் தலைசுற்றல் கிடையாது, மயக்கம் கிடையாது, நெஞ்சில் ஒரு குத்தல்கூட வந்ததில்லை. அதற்கு முந்தின ராத்திரி முழுக்க ஐம்பது பேரை வைத்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த அழுத்தத்தோடு எத்தனை வருடமாக ஓட்டினேனோ, தெரியாது. இந்த நோயில் எனக்கு இன்றும் பயமாக இருப்பது அதுதான். அது ஒரு சத்தமும் கொடுப்பதில்லை.

இரண்டு நாள் லீவு போட்டு டாக்டரைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு 158, டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு 262, வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. எல்லாமே அளவுக்கு மேல். எடை 86 கிலோ, தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்று 104 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90-க்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டுமாம். இ.சி.ஜி. மட்டும் சரியாக இருந்தது. "இ.சி.ஜி. நார்மல்தானே சார்?" என்றேன் நிம்மதியாக. "உங்க வண்டியில் டீசல் ஃபில்டர் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தால் மட்ட ரோட்டில் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. மேடு ஏறும்போதுதான் வண்டி இழுக்காது. ரத்தக்குழாய் அடைப்பும் சும்மா படுத்திருக்கும்போது தெரியாமல் போகலாம். அதற்குமேல் அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். சலீம் யூசுப் என்ற இதய மருத்துவர், கேரளத்தில் பிறந்தவர், 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டாராம். மாரடைப்பு அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஒன்பதே ஒன்பது சங்கதிகளில் அடங்கிவிட்டதாம். இந்தியா உள்பட தெற்காசிய நாட்டுக்காரர்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது என்பதும் அதில் தெரிந்ததாம். சொல்லிக்கொண்டே எனக்கு இருப்பதை ஒவ்வொன்றாக எழுதி டிக் போட்டார். சிகரெட். ரத்த அழுத்தம். கொழுப்பு. தொப்பை. காய்கறி, பழம் சாப்பிடாதது. உடம்பை அசைக்காதது. மன இறுக்கம். சர்க்கரைக்கு ஒரு கேள்விக்குறி. மது மட்டும் எனக்கு இல்லை. ஏழு டிக், ஒரு கேள்விக்குறி. கீழே, "அப்பா 52" என்று எழுதி அடிக்கோடு போட்டார். "இந்தக் கடைசியை மாற்ற முடியாது. மேலே இருக்கிற எல்லாவற்றையும் மாற்றலாம்" என்றார். அந்தச் சீட்டு இன்னும் என் லைசென்ஸோடு பர்ஸில்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டுவிடப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். முதலில் மாத்திரை, அடுத்தது சிகரெட். மற்றவை அதற்குப் பிறகு. எவ்வளவு சரியான யோசனை என்று பிறகு தெரிந்தது. என்னோடு முகாமில் பார்த்த இரண்டு பேர் ஒரே வாரத்தில் சோற்றை விட்டு, சர்க்கரையை விட்டு, ஜிம்மில் சேர்ந்து, ஒன்றரை மாதத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

சிகரெட் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. எப்போது பிடிக்கிறேன் என்று ஒரு வாரம் டிரிப் ஷீட்டின் பின்னால் கோடு போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வண்டியை விட்டு இறங்கியதும் ஒன்று. கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. அதனால் இறங்கியதும் முதலில் கையில் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். முகம் கழுவி, அரை பாட்டில் குடித்து, வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்ப்பேன். ஐந்து நிமிடம் தாண்டிவிட்டால் அந்தத் தவிப்பு இறங்கிவிடும். முதல் மூன்று நாள் கொடுமை. கண்டக்டரோடு சண்டை, பயணிகள் மேல் எரிச்சல், ராத்திரி தூக்கம் இல்லை. நான்காவது நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினேன். நான்கு மாதம் கழித்து ஒரு சாவு வீட்டில் ஒன்று பிடித்துவிட்டேன். அன்று ராத்திரியே பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற எண்ணைக் குறித்து வைத்து, மறுநாள் அழைத்துப் பேசினேன். திட்டவில்லை, அறிவுரை மழை பொழியவில்லை. எப்போது, எங்கே, யாரோடு இருக்கும்போது பிடித்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார்கள். அதற்குப் பிறகு நான் தொடவில்லை. விட்டு ஒரு வருடத்தில் மாரடைப்பு அபாயம் பிடிக்கிறவர்களுக்கு இருப்பதில் பாதியாகக் குறைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடம் முடிந்த தேதியை நானும் என் மனைவியும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தோம்.

இனி சாப்பாடு. நெடுந்தூர பஸ்கள் நிற்கிற சாலையோர மோட்டலில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி மேஜை இருக்கும். காசு வாங்க மாட்டார்கள். பரோட்டா, கோழிச் சால்னா, ஆம்லெட், கெட்டிப் பாலில் டீ, போகும்போது கையில் ஒரு பாக்கெட் சிகரெட். இருபது வருடமாக என் உடம்பில் ஏறியதில் பாதி, காசு கொடுக்காமல் சாப்பிட்டதுதான். வடைச் சட்டியில் எண்ணெய் கறுத்துப்போய் இருக்கும். காலையில் ஊற்றியதா, நேற்று ஊற்றியதா என்று யார் பார்த்தது? பரோட்டாவில் வனஸ்பதி இருக்கும். எண்ணெய், வனஸ்பதிகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் சட்டம் வந்துவிட்டது. அது நல்ல சங்கதி. ஆனால் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற கடையில் போய் யார் சட்டியை எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

நான் முதல் தடவை மோட்டலில் வீட்டிலிருந்து கொண்டுபோன அடுக்குச் சட்டியை எடுத்து வைத்தபோது மாஸ்டர் ஓடி வந்தார். "என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா? நம்ம சாப்பாடு பிடிக்கலையா?" அவர் முகம் வாடிப்போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றவர், தன் தம்பிக்கும் நெஞ்சில் ஸ்டென்ட், அதாவது அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய், வைத்திருப்பதாகச் சொன்னார். அதன்பின் நான் போனால் வெள்ளரிக்காயும் வெங்காயமும் நறுக்கி ஒரு தட்டில் கொண்டுவந்து வைப்பார். உப்புத் தூவாமல்.

அடுக்குச் சட்டியில் என் மனைவி வைத்த கணக்கு ரொம்ப எளிமையானது. மூன்று அடுக்கு. ஒன்றில் சோறு அல்லது சப்பாத்தி. ஒன்று முழுக்கக் காய் அல்லது கீரை. இன்னொன்றில் சுண்டல், பாசிப்பயறு, அவித்த முட்டை, மீன் குழம்பு என்று ஏதாவது ஒன்று. முன்பு சோறு மலை மாதிரி, காய் ஊறுகாய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பிப் போட்டோம், அவ்வளவுதான். காலையில் கேப்பைக் கூழ், சின்ன வெங்காயம். மோர்மிளகாய் கிடையாது, அதில் உப்பு ஏகத்துக்கு இருக்கிறது. சிறுதானியம் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேப்பைக் களியானாலும் மூன்று உருண்டை சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்கிறது. என் ரத்தத்தில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எண்ணெயிலும் அப்படித்தான். மரச்செக்கு எண்ணெய் நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று எங்கள் தெருவிலேயே வாதாடுகிறார்கள். எந்தச் செக்கில் ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான். எங்கள் வீட்டில் நான்கு பேர். மாதம் ஐந்து லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது டாக்டர் கொடுத்த அளவு. என் மனைவி ஒன்றாம் தேதி இரண்டு லிட்டரை மட்டும் தூக்கில் ஊற்றி, அதில் மார்க்கர் பேனாவால் நான்கு கோடு போட்டாள். வாரத்துக்கு ஒரு கோடு. முதல் மாதம் பதினெட்டாம் தேதியே தூக்கு காலி. அடுத்த மாதம் இருபத்திரண்டு. நான்காவது மாதம்தான் முப்பது வரை வந்தது. அந்த மூன்று மாதமும் அவள் திட்டு வாங்கினாள், என்னிடமும் மகனிடமும் என் அம்மாவிடமும். குழம்பில் எண்ணெய் மிதக்கவில்லை என்று அம்மா தட்டை நகர்த்தி வைத்திருக்கிறார். அவள் தூக்கைத் திரும்ப நிரப்பவில்லை. இன்றைக்கு நான் நன்றாக இருப்பதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கோ, அந்த நான்கு கோட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

உப்பு அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். எங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் இருபது நாளில் தீர்ந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 12 கிராமுக்கு மேல். அதற்கு மேலே அப்பளம், கருவாடு, ஊறுகாய் தனி. இப்போது பாக்கெட் நாற்பது நாள் வருகிறது. சோற்றுக்கு உப்புப் போடுவதில்லை, மேஜையில் உப்புக் கிண்ணம் கிடையாது, கருவாடு மாதம் ஒரு தடவை. இந்துப்பு வாங்கினால் பரவாயில்லை என்று சொன்னார்கள், கேட்டுப் பார்த்தேன், அதுவும் சோடியம்தான் என்றார் டாக்டர்.

நடைக்கு வருகிறேன். இரண்டாவது தடவை போனபோது, "உங்க தொழிலை வைத்துத்தான் சார் இந்த விஷயத்தையே கண்டுபிடித்தார்கள்" என்று டாக்டர் ஒரு சங்கதி சொன்னார். லண்டனில் ஜெரமி மோரிஸ் என்று ஒரு மருத்துவர். அங்கே ஓடும் இரட்டை மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் எழுதினார். ஒரே வண்டி, ஒரே ஊர். டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை. மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. கண்டக்டர்களுக்குக் குறைவு, வந்தாலும் பிந்தியே வந்தது. மூன்று வருடம் கழித்து யூனிபார்ம் தைக்கிற அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான் இருந்ததாம்.

அதைக் கேட்டதும் எனக்கு டிப்போ எதிரே இருக்கிற டெய்லர் கடை ஞாபகம் வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை யூனிபார்ம் பேன்டைக் கொடுத்து இடுப்பில் பிரித்து விடச் சொல்வேன். அவரும் எனக்கென்று உள்ளே துணி கூடுதலாக விட்டே தைப்பார். அந்தத் துணியைப் பற்றி இருபது வருடமாக நான் ஒரு நிமிடம் யோசித்ததில்லை.

சிங்காநல்லூரில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் முன்பு பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பேன். அதில் இருபது நிமிடம் ஸ்டாண்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். வேகம் எவ்வளவு என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஆரப்பாளையத்தில் ஒரு பத்து நிமிடம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது அளவு. அதைப் பத்துப் பத்தாக உடைத்துச் சேர்த்தாலும் கணக்கில் வரும் என்று தெரிந்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆஃப் நாளில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு மணி நேரம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். தூக்கத்துக்காக டபுள் டூட்டியைக் குறைத்தேன். மாதம் கொஞ்சம் பணம் குறைந்தது, இரண்டு வருடம் வீட்டில் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஏழு மணி நேரம் தூங்கி எழுந்த நாளில் என் அழுத்தம் என்ன காட்டுகிறது, தூங்காத நாளில் என்ன காட்டுகிறது என்று எழுதி வைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்தபிறகு அந்தப் பணத்துக்கு நான் வருத்தப்படவில்லை.

ஒரு பெரிய தவறும் செய்தேன். எட்டு மாதத்தில் அழுத்தம் 126/82-க்கு வந்தது. சரியாகிவிட்டது என்று நானே மாத்திரையை நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் 160. அந்த 126-ஐக் காட்டியதே மாத்திரை என்பது எனக்கு உறைக்கவில்லை. தயவுசெய்து யாரும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். என் அம்மாவுக்கு, 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்து அழுத்தமும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருகிற அந்தப் பெண், நான் வீட்டில் இருந்தால் என் கையையும் நீட்டச் சொல்வார்.

2024-ல் ஒரு ராத்திரி. தாராபுரம் தாண்டியதும் என் கண்டக்டர் எழுந்து வந்து என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 49 வயது, ஒல்லியான உடம்பு, புகை, குடி எதுவும் கிடையாது. சர்க்கரை மட்டும் உண்டு. "அண்ணே, சால்னா ஒத்துக்கல போல. வாயு அடைக்குது. அடுத்த கடையில நிறுத்துங்க, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னல் காற்று முகத்தில் அடிக்கிறது, ஆனால் சட்டை நனைந்திருக்கிறது. ஒரு கை தாடையைப் பிடித்திருந்தது. அப்பாவும் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டபின் வாயு என்றுதான் சொல்லியிருக்கிறார். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார்.

சோடாக் கடையில் நிறுத்தவில்லை. வழியில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேராக வண்டியை விட்டேன். இ.சி.ஜி. எடுத்தார்கள். பார்த்ததும் நர்ஸ் ஒரு கை நிறைய மாத்திரை கொடுத்தார். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் சிறிய சுகாதார நிலையங்களிலும் இவற்றை வைத்திருக்கிறார்கள். நாமாக வாங்கிப் போட்டுக்கொள்கிற மாத்திரை இல்லை அவை, இ.சி.ஜி. பார்த்துக் கொடுப்பது. 108 வந்தது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ராத்திரியே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். வண்டியில் இருந்த பயணிகள் ஒருவர்கூட லேட் ஆகிறது என்று சொல்லவில்லை. ஒரு அம்மா முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டே வந்தார்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு நெஞ்சுவலி பளிச்சென்று வராமல் போகலாம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வியர்வை, தாடை வலி, தோள்பட்டை கனம், மூச்சு வாங்குவது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் வாயு என்று நினைத்து உட்கார வேண்டாம். ஒல்லியாக இருப்பவருக்கு வராது என்ற நினைப்பும் வேண்டாம். அவர் மூன்று மாதம் கழித்து டூட்டிக்குத் திரும்பினார். இப்போது நாங்கள் இருவரும் சிங்காநல்லூரில் சேர்ந்தே நடக்கிறோம்.

என் எடை இன்றைக்கு 75. இடுப்பு 91, இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி. கெட்ட கொழுப்பு 84, மாத்திரையோடு. போன வருடம் பழைய பேன்டுகளைக் கொண்டுபோய் டெய்லரிடம் கொடுத்தேன். பிரித்து விடவா என்று பழக்கத்தில் கேட்டார். பிடித்துத் தைக்கச் சொன்னேன்.

என் மகனுக்கு 24 வயது. கம்ப்யூட்டர் முன்னால் பத்து மணி நேரம் உட்காருகிற வேலை. தாத்தா 52-ல் போனதும் அப்பாவுக்கு 45-ல் அழுத்தம் வந்ததும் அவன் கணக்கிலும் இருக்கிறது என்று போன மாதம்தான் அவனிடம் விவரமாகச் சொன்னேன். என் பர்ஸில் இருந்த சீட்டைக் காட்டினேன். டிக் எல்லாவற்றையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தான். "எனக்கும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடலாம்ப்பா" என்றான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆஃப். திங்கள் டூட்டி மதியம்தான். அந்தத் திங்கள் காலையில் இருவரும் வெறும் வயிற்றோடு போகிறோம்.